இரண்டு மஞ்சள் மாத்திரைகளும் ஒரு மனிதரும்

போன வருடம் நான் செய்த ஒரு தவற்றிலிருந்துதான் இந்தக் கட்டுரையைத் தொடங்க வேண்டியிருக்கிறது.

என் அத்தைக்கு முடக்குவாதம். விரல் மூட்டுகள் வீங்கி, காலையில் எழுந்ததும் போத்தல் மூடியைக்கூடத் திருக முடியாது. பல வருடங்களாக மருந்து சாப்பிட்டு, இப்போது சமையலும் செய்கிறார், பூவும் கட்டுகிறார். அவருடைய மாத்திரைகளை வாரத்துக்கு ஒரு முறை எடுத்து, திங்கள் முதல் ஞாயிறு வரை ஏழு அறைகள் உள்ள பிளாஸ்டிக் பெட்டியில் போட்டு வைப்பது அத்தை மகளின் வேலை. அவள் ஒரு மாதம் அவுட்ஸ்டேஷன் போக, அந்தப் பொறுப்பு என்னிடம் வந்தது.

இரண்டு பாக்கெட்டுகள். இரண்டிலும் சின்னச் சின்ன மஞ்சள் மாத்திரைகள். ஒன்று திங்கட்கிழமை மட்டும் நான்கு சாப்பிட வேண்டியது. மற்றொன்று மீதி ஆறு நாளும் ஒவ்வொன்றாகச் சாப்பிட வேண்டியது. ஞாயிறு இரவு, மறுநாள் காலை நிகழ்ச்சிக்கான பாடல் பட்டியலை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே நான் பெட்டியை நிரப்பினேன். இரண்டையும் மாற்றிப் போட்டுவிட்டேன். ஒரு வாரம் அல்ல, மூன்று வாரம்.

மூன்றாவது வாரம் அத்தை தொலைபேசியில் அழைத்தார். “என்னம்மா தெரியல, வாயெல்லாம் புண்ணு. தண்ணி குடிச்சாக்கூட எரியுது” என்றார். மறுநாள் காய்ச்சல். மருத்துவமனையில் இரத்தம் எடுத்துப் பார்த்தபோது வெள்ளை அணுக்கள் வெகுவாகக் குறைந்திருந்தன. வார்டில் சேர்த்து, ஃபோலினிக் அமிலம் என்ற மாற்று மருந்து ஏற்றினார்கள். பத்து நாளில் வீடு திரும்பினார். அந்தப் பத்து நாளும் நான் தூங்கியது குறைவு.

வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் சாப்பிட வேண்டிய அந்த மாத்திரை, மெத்தோட்ரெக்சேட். மற்றது ஃபோலிக் அமிலம். இரண்டையும் விளக்கிச் சொன்ன வார்டு டாக்டர், கடைசியில் ஒரு வார்த்தை சொன்னார். “ஒண்ணு மருந்து, இன்னொண்ணு அதோட பக்கவிளைவைத் தாங்குற வைட்டமின். ரெண்டுமே ஒரே ஆளோட லேப்ல உருவானதுதான் தெரியுமா? மெட்ராஸ்ல டாக்டருக்குப் படிச்சவர். சுப்பாராவ்னு பேரு.”

எனக்குத் தெரியாது. வானொலியில் தினமும் ‘இன்று அன்று’ என்று ஓர் அங்கம் வாசிக்கிறேன். யார் யாருடைய பிறந்த நாளையோ வாசித்திருக்கிறேன். இந்தப் பெயரை ஒரு தடவைகூட வாசித்ததில்லை. அத்தை குணமாகி வந்த பிறகு தேடிப் படிக்கத் தொடங்கினேன். படிக்கப் படிக்க வியப்பும் கொஞ்சம் கோபமும் சேர்ந்தே வந்தன.

காசிக்கு ஓடிய பையன்

எல்லப்பிரகட சுப்பாராவ் 1895 ஜனவரி 12 அன்று பீமாவரத்தில் பிறந்தார். இன்று அது ஆந்திராவில் இருக்கிறது. அன்று சென்னை மாகாணம். தெலுங்குக் குடும்பம், நிறையப் பிள்ளைகள், வருமானமோ குறைவு.

படிப்பில் அவர் சூரர் இல்லை. 13 வயதில் வீட்டை விட்டு ஓடினார். காசிக்குப் போய், யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணக்காரர் ஆவது அவர் திட்டம். தாயார் வெங்கம்மா ஆள் பிடித்து, திரும்பக் கூட்டி வந்து பள்ளியில் உட்கார வைத்தார். மெட்ரிகுலேஷன் தேர்வில் இரண்டு தடவை தோல்வி. மூன்றாவது தடவை, சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து எழுதித் தேறினார். பிறகு மெரினாவை ஒட்டிய மாநிலக் கல்லூரி. பிறகு சென்னை மருத்துவக் கல்லூரி.

இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்து துறவியாகிவிட வேண்டும் என்ற ஆசை அவருக்கு இருந்தது. மருத்துவம் படித்தால் இன்னும் அதிகமாகச் சேவை செய்யலாம் என்று மடத்தில்தான் திருப்பி விட்டார்கள். படிப்புச் செலவுக்கு மாமனார் கைகொடுத்தார்.

அந்தக் காலத்தில் அவர் குடும்பத்தில் விழுந்த ஓர் அடியை இங்கே சொல்ல வேண்டும். ஸ்புரூ என்றொரு நோய். வெப்ப மண்டல நாடுகளில் வரும் தீராத வயிற்றுப்போக்கு. சாப்பிடுவது எதுவும் உடம்பில் ஒட்டாது, இரத்தம் வற்றிப் போகும். அவருடைய சகோதரர்களை அந்த நோய் கொண்டு போனது. அதற்கு மருந்து என்ன என்று அன்று யாருக்கும் தெரியாது. சுமார் 25 ஆண்டுகள் கழித்து, அந்த நோய்க்குப் பலன் தரும் ஒரு பொருள் இவருடைய ஆய்வுக்கூடத்திலிருந்தே வரப் போகிறது.

கதர் அங்கி

காந்தி அந்நியத் துணியைப் புறக்கணிக்கச் சொன்ன நேரம். மருத்துவ மாணவர் சுப்பாராவ், அறுவை சிகிச்சை வகுப்புக்குக் கதரில் தைத்த அங்கியோடு போனார். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. எழுத்துத் தேர்வுகளை நன்றாக எழுதியும், எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாக அதற்கு ஒரு படி கீழான எல்.எம்.எஸ். சான்றிதழ்தான் கையில் கிடைத்தது.

அந்தச் சான்றிதழோடு மாகாண மருத்துவச் சேவையில் இடம் கிடைக்கவில்லை. சென்னையில் டாக்டர் லட்சுமிபதியின் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு பாடம் நடத்தினார். ஆயுர்வேத மருந்துகளில் என்ன இருக்கிறது, எது வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆர்வம் அங்கே வந்தது. அதற்கு வேதியியல் வேண்டும். அமெரிக்காவுக்குக் கிளம்பினார்.

1922-இல் பாஸ்டன் போய்ச் சேர்ந்தபோது கையில் இருந்தது மாமனாரும் ஓர் அறக்கட்டளையும் தந்த பணம் மட்டும். ஹார்வர்டில் வெப்ப மண்டல மருத்துவம் படித்தார். செலவுக்கு ஒரு மருத்துவமனையில் இரவு வேலை. நோயாளிகளின் மலச் சட்டிகளைக் கழுவுவது உட்பட எல்லாம் செய்தார். மூன்று வருடத்தில் திரும்பி வருவதாக மனைவி சேஷகிரியிடம் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தார். அவர் போன பிறகு ஊரில் ஒரு மகன் பிறந்தான். ஒன்பது மாதக் குழந்தையாக இருக்கும்போதே, தோலில் பரவும் ஒரு தொற்று நோயில் இறந்தும் போனான். அப்பா அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்கவே இல்லை.

அவர் திரும்பி வரவும் இல்லை. சேஷகிரி கடைசி வரை காத்திருந்தார். அறிவியலுக்காகச் செய்த தியாகம் என்று இதை எழுதிவிட்டுப் போவது எளிது. ஆனால் அந்தத் தியாகத்தில் பாதியைச் செய்தவரிடம் யாரும் சம்மதம் கேட்டதாகத் தெரியவில்லை.

நீல நிறம் சொன்ன உண்மை

ஹார்வர்டில் உயிர்வேதியியல் துறையில் சைரஸ் ஃபிஸ்க் என்பவரின் ஆய்வுக்கூடத்தில் சுப்பாராவ் சேர்ந்தார். முதல் வேலை, இரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க எளிய வழி கண்டுபிடிப்பது.

அவர்கள் கண்டுபிடித்த வழி இதுதான். மாதிரியோடு மாலிப்டேட் என்ற உப்பைச் சேர்த்து, இன்னொரு பொருளையும் கலந்தால் நீல நிறம் வரும். பாஸ்பரஸ் அதிகமாக இருந்தால் நீலம் அடர்த்தியாகும். நிறத்தை அளந்தால் அளவு தெரிந்துவிடும். 1925-இல் வெளியான இந்த ‘ஃபிஸ்க்–சுப்பாராவ் முறை’ உலகம் முழுதும் ஆய்வுக்கூடங்களுக்குப் போனது. அறிவியல் உலகில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகளில் அதுவும் ஒன்று.

அளவுகோல் கையில் வந்ததும், அதை வைத்துத் தசையை ஆராயத் தொடங்கினார்கள். தசை எங்கிருந்து சக்தி பெறுகிறது? லாக்டிக் அமிலம்தான் காரணம் என்பது அன்றைய கருத்து. அந்த வழியில் ஆராய்ந்த ஹில், மையர்ஹாஃப் இருவரும் 1922-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு பெற்றிருந்தார்கள். ஆனால் ஃபிஸ்க்கும் சுப்பாராவும் தசையில் வேறொரு பொருளைக் கண்டார்கள். தசை வேலை செய்யும்போது அது குறைகிறது. ஓய்வெடுக்கும்போது மீண்டும் கூடுகிறது. 1927-இல் அறிவித்தார்கள். பாஸ்போகிரியேட்டின் அதன் பெயர்.

ஜிம்முக்குப் போகும் தம்பி தங்கைகள் இந்த இடத்தில் நிமிர்ந்து உட்காருவார்கள். ஆமாம், டப்பாவில் வாங்கி நீங்கள் கலக்கிக் குடிக்கும் கிரியேட்டின் உடம்பில் போய் மாறுவது இந்தப் பொருளாகத்தான். ஒரு கனமான எடையைத் தூக்கும் முதல் சில விநாடிகளுக்கு உடனடிச் சக்தி தருவது இதுவே.

இரண்டு வருடம் கழித்து, 1929-இல், தசையிலிருந்து ஏடிபி என்ற பொருளையும் பிரித்தெடுத்தார்கள். அதே ஆண்டில் ஜெர்மனியில் கார்ல் லோமன் என்பவரும் தனியாக அதையே கண்டுபிடித்தார். பள்ளியில் உயிரியல் படித்த எல்லாருக்கும் ஏடிபி தெரியும். உடம்பின் கைச்செலவுக் காசு அது. நாம் சாப்பிடும் சோறு நேரடியாக விரலை அசைப்பதில்லை. நொதிகள் அதைப் படிப்படியாக உடைத்து, கிடைக்கும் சக்தியை ஏடிபியாக மாற்றுகின்றன. அதைச் செலவழித்துத்தான் இதயம் துடிக்கிறது, மூளை நினைக்கிறது. செலவான ஏடிபி உடனே மறுபடி உருவாகிறது. இப்படி ஒரு நாளில் சுழலும் ஏடிபியைக் கூட்டினால் ஏறக்குறைய நம் உடல் எடைக்கே சமமாக வரும்.

ஹார்வர்டில் அவருக்கு 1930-இல் முனைவர் பட்டம் கிடைத்தது. நிரந்தரப் பேராசிரியர் பதவி மட்டும் கிடைக்கவே இல்லை. ஃபிஸ்க் பெயர் முன்னால், சுப்பாராவ் பெயர் பின்னால் என்றே பல காலம் ஓடியது. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் அப்போது அதே கூடத்தில் ஆய்வு மாணவர். சுப்பாராவ் பிரித்தெடுத்த சில பொருள்களைப் பல ஆண்டுகள் கழித்து மற்றவர்கள் மீண்டும் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது, அவை வெளிவர ஃபிஸ்க் இடம் கொடுக்காததே காரணம் என்று ஹிட்சிங்ஸ் பின்னர் வெளிப்படையாகச் சொன்னார்.

கீரை, மார்மைட், ஈரல்

1940-இல் சுப்பாராவ் ஹார்வர்டை விட்டு வெளியேறி, நியூயார்க் மாநிலத்தில் பேர்ல் ரிவர் என்ற ஊரில் இருந்த லெடர்லி மருந்து நிறுவனத்தில் சேர்ந்தார். விரைவிலேயே ஆராய்ச்சிப் பிரிவு முழுதுக்கும் இயக்குநர் ஆனார். அவருக்கு வயது 45 தாண்டியிருந்தது. இன்னும் எட்டு வருடமே உயிரோடு இருக்கப் போகிறார். நம் வீட்டு மருந்துப் பெட்டிக்குள் அவர் நுழைந்தது இந்த எட்டு வருடத்தில்தான்.

முதலில் ஃபோலிக் அமிலம். அதன் கதையில் இன்னொரு நாயகியும் உண்டு. லூசி வில்ஸ் என்ற ஆங்கில மருத்துவர், 1928-இல் பம்பாய்க்குப் போனார். ஆலைகளில் வேலை செய்த ஏழைக் கர்ப்பிணிகளுக்குக் கடுமையான இரத்தச்சோகை வந்து கொண்டிருந்தது. என்னென்னவோ கொடுத்துப் பார்த்து, கடைசியில் மலிவான மார்மைட்டைக் கொடுத்தார். குணமானார்கள். கஞ்சியில் நாம் கலந்து சாப்பிடும் அதே மார்மைட்தான். அதில் ஏதோ ஒன்று இருக்கிறது என்று தெரிந்தது. என்னவென்று தெரியவில்லை. பின்னர் 1941-இல் அமெரிக்காவில் டன் கணக்கான பசலைக்கீரையிலிருந்து ஒரு பொருளைச் செறிவாக்கி எடுத்தார்கள். இலை என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து ஃபோலிக் அமிலம் என்று பெயர் வைத்தார்கள்.

இயற்கையிலிருந்து துளித் துளியாக எடுத்தால் எத்தனை நோயாளிக்குக் கொடுக்க முடியும்? அதை ஆய்வுக்கூடத்தில் செயற்கையாகத் தயாரிக்க வேண்டும். சுப்பாராவின் குழு ஈரல் சாற்றிலும் நுண்ணுயிர்களிலும் தேடி, அதன் அமைப்பைக் கண்டுபிடித்து, 1945-இல் செயற்கை ஃபோலிக் அமிலத்தைத் தயாரித்துக் காட்டியது. உண்மையில் அவர் ஈரலில் தேடிக்கொண்டிருந்தது வேறொரு வகை இரத்தச்சோகைக்கான மருந்தை. அந்தப் பொருள் பி12 வைட்டமின் என்பதும், அதை வேறு குழுக்கள் 1948-இல் பிரித்தெடுத்ததும் பிறகு நடந்தவை. தேடியது கிடைக்கவில்லை, கிடைத்தது அதைவிடக் குறைந்ததும் அல்ல.

செயற்கை ஃபோலிக் அமிலம் கைக்கு வந்ததும், டாம் ஸ்பைஸ் என்ற மருத்துவர் அதைக் கியூபாவில் ஸ்புரூ நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். படுத்த படுக்கையாகக் கிடந்தவர்கள் எழுந்து சாப்பிட்டார்கள். சுப்பாராவ் தம் சகோதரர்களை அப்போது நினைத்திருப்பார்.

இன்று ஃபோலிக் அமிலம் வேறொரு காரணத்துக்காக எல்லா வீட்டிலும் அறிமுகம். குழந்தை வேண்டும் என்று திட்டமிடும் பெண்கள், கருத்தரிக்கும் முன்பிருந்தே தினம் 400 மைக்ரோகிராம் சாப்பிடச் சொல்கிறார்கள். குழந்தையின் முதுகுத்தண்டும் மூளையும் கருவின் முதல் சில வாரங்களிலேயே உருவாகின்றன. அந்த நேரத்தில் இந்த வைட்டமின் போதுமான அளவு இருந்தால் முதுகுத்தண்டுக் குறைபாடு வரும் வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது.

பூட்டில் மாட்டிக்கொள்ளும் சாவி

இனி அத்தையின் திங்கட்கிழமை மாத்திரைக்கு வருவோம்.

பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் சிட்னி ஃபார்பர் என்று ஒரு நோய்க்கூறு நிபுணர் இருந்தார். இரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு அன்று கொடுக்க எதுவும் இல்லை. வந்தால் சில வாரம், சில மாதம். ஃபார்பர் முதலில், சுப்பாராவிடமிருந்து வந்த ஃபோலிக் அமில வகை மருந்துகளைச் சில நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். நிலைமை மோசமானது. புற்றணுக்கள் இன்னும் வேகமாகப் பெருகுவதாக அவருக்குத் தோன்றியது.

தோல்வியிலிருந்து வந்த கேள்விதான் எல்லாவற்றையும் மாற்றியது. ஃபோலிக் அமிலம் புற்றணுவுக்கு உரமாகிறது என்றால், அந்த உரம் கிடைக்காமல் தடுத்தால் என்ன ஆகும்?

உயிரணு ஒன்று இரண்டாகப் பிரிய வேண்டுமானால் புதிய டிஎன்ஏ தயாரிக்க வேண்டும். அதற்கு ஃபோலிக் அமிலம் பயன்படும் வடிவத்துக்கு மாற வேண்டும். டிஹைட்ரோஃபோலேட் ரிடக்டேஸ் என்ற நொதி அந்த வேலையைச் செய்கிறது. நொதியை ஒரு பூட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபோலிக் அமிலம் அதன் சாவி. சுப்பாராவின் குழுவில் டோரிஸ் சீகர் முதலிய வேதியியலாளர்கள், பார்ப்பதற்கு அந்தச் சாவியைப் போலவே இருக்கும் இன்னொரு மூலக்கூறைச் செய்தார்கள். ஓர் ஆக்சிஜன் இருக்க வேண்டிய இடத்தில் நைட்ரஜன். அவ்வளவுதான் வித்தியாசம். இந்தப் போலிச் சாவி பூட்டுக்குள் போகும், திரும்பாது, வெளியேயும் வராது. பூட்டு முடங்கிவிடும். உயிரணு பிரிய முடியாமல் செத்துப் போகும். அதற்கு அமினோப்டெரின் என்று பெயர்.

1947 இறுதியில் ஃபார்பர் அதைக் குழந்தைகளுக்குக் கொடுக்கத் தொடங்கினார். 16 குழந்தைகளில் 10 பேருக்கு முன்னேற்றம் தெரிந்தது. வீங்கிய மண்ணீரல் சுருங்கியது, இரத்த அணுக்கள் சீராயின. சில மாதங்களில் நோய் திரும்பி வந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் இந்த நோயை ஒரு மருந்தால் பின்வாங்க வைக்க முடியும் என்று உலகம் முதன்முதலாகப் பார்த்தது. 1948 ஜூனில் கட்டுரை வெளியானது.

அமினோப்டெரினில் ஒரு சின்ன மாற்றம் செய்து, நச்சுத்தன்மையைக் கையாள எளிதாக அதே கூடம் தயாரித்ததுதான் மெத்தோட்ரெக்சேட். 1956-இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்தில் மின் சியு லி, ராய் ஹெர்ட்ஸ் இருவரும் கருப்பை சார்ந்த ஓர் அரிய புற்றுநோயை இந்த மருந்தைக் கொண்டே குணப்படுத்தினார்கள். பரவிவிட்ட ஒரு கட்டிப் புற்றுநோய் மருந்தாலேயே முற்றிலும் குணமானது அதுதான் முதல் தடவை. குறைந்த அளவில் கொடுத்தால் தன் உடம்பையே தாக்கும் நோய் எதிர்ப்பு அணுக்களை இது அடக்குகிறது என்பதும் தெரிந்தது. முடக்குவாதத்துக்கு அமெரிக்காவில் 1988-இல் அனுமதி கிடைத்தது. அத்தையின் விரல்கள் பூக் கட்டுவது இப்படித்தான்.

நம் ஊருக்கும் இதில் பங்குண்டு. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உள்ள குழந்தைப் புற்றுநோய் மருத்துவர்கள் சேர்ந்து ‘மா-ஸ்போர்’ என்ற பெயரில் இரத்தப் புற்றுநோய் சிகிச்சை ஆய்வை நடத்தினார்கள். சிகிச்சைக்குப் பின் எஞ்சியிருக்கும் புற்றணுக்களை நுட்பமாக அளந்து, நன்றாகத் தேறும் குழந்தைக்கு மருந்தைக் குறைக்கலாம், தேறாத குழந்தைக்குக் கூட்டலாம் என்பது அதன் அடிப்படை. ஒரு காலத்தில் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளையும் பறித்த அந்த நோயிலிருந்து இன்று பெரும்பாலான குழந்தைகள் மீண்டு பள்ளிக்குப் போகிறார்கள். அந்தச் சிகிச்சையின் நீண்ட இறுதிக் கட்டத்தில் இரண்டு மருந்துகள் முக்கியம். ஒன்று மெத்தோட்ரெக்சேட். இன்னொன்று மெர்காப்டோப்யூரின். அதை உருவாக்கியவர்கள் கெர்ட்ரூட் எலியனும், மேலே சொன்ன அதே ஜார்ஜ் ஹிட்சிங்ஸும். ஹார்வர்டில் ஒரே கூடத்தில் வேலை பார்த்த இருவரின் மருந்துகள் இன்று ஒரே குழந்தையின் கையில் சேர்ந்து இருக்கின்றன. ஹிட்சிங்ஸுக்கும் எலியனுக்கும் 1988-இல் நோபல் கிடைத்தது. சுப்பாராவ் இறந்து அப்போது 40 வருடம் ஆகியிருந்தது.

தோட்டப்புறத்து யானைக்கால்

அந்த எட்டு வருடத்தில் லெடர்லியிலிருந்து வந்தவை இவை மட்டும் அல்ல.

யானைக்கால் நோய் நம் தாத்தா பாட்டி காலத்துக் கதைகளில் வரும். கொசு கடித்து, புழு உடம்பில் புகுந்து, கால் வீங்கும் அந்த நோய் மலாயாவிலும் இருந்தது. அதற்கு 1947-இல் வந்த மருந்து ஹெட்ரசான். டைஎத்தில்கார்பமசின் என்பது அதன் வேதிப் பெயர். இந்தியாவிலும் மலேசியாவிலும் இந்நோயை ஒழிக்க மக்களுக்குக் கொடுக்கப்பட்ட மாத்திரை அதுவே.

அடுத்தது ஆரியோமைசின். ஓய்வு பெற்ற வயதில் இருந்த பெஞ்சமின் டகர் என்ற தாவரவியலாளரை சுப்பாராவின் நிறுவனம் சேர்த்துக்கொண்டது. மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்களிலிருந்து புதிய மருந்து தேடுவது அவர் வேலை. மிசௌரி மாநிலத்து மண்ணிலிருந்து எடுத்த ஒரு நுண்ணுயிரி தங்க நிறத்தில் ஒரு பொருளைச் சுரந்தது. டெட்ராசைக்ளின் குடும்பத்தின் முதல் மருந்து அது, 1948-இல் அறிமுகமானது. அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த டாக்சிசைக்ளினைத்தான் எலிச் சிறுநீர்க் காய்ச்சலுக்கு இன்றும் நம் கிளினிக்குகளில் எழுதித் தருகிறார்கள்.

1948 ஆகஸ்டில், ஃபார்பரின் கட்டுரை வெளிவந்து இரண்டு மாதம் சொச்சம்தான் ஆகியிருந்தது. சுப்பாராவ் தூக்கத்திலேயே மாரடைப்பில் இறந்தார். வயது 53.

ஏன் நமக்குத் தெரியவில்லை?

காரணங்கள் பல. நிறுவனத்தில் வேலை செய்பவர் கண்டுபிடித்தால் பெயர் நிறுவனத்துக்கு. சுப்பாராவும் மேடை ஏறும் ஆள் இல்லை. லெடர்லியில் வெளிவந்த பல முக்கியக் கட்டுரைகளில் வேலையைச் செய்த இளைஞர்களின் பெயர்தான் முன்னால் இருக்கும். ஹார்வர்டில் தம் பெயர் பின்னுக்குப் போனதை அனுபவித்தவர், தம் கீழ் வேலை பார்த்தவர்களுக்கு அதைச் செய்யவில்லை. என்னை அதிகம் தொட்டது இதுதான்.

குடியுரிமையும் ஒரு காரணமாக இருக்கலாம். 1946 வரை இந்தியர்கள் அமெரிக்கக் குடிமக்களாகவே முடியாது என்பது அங்கே சட்டம். அமெரிக்காவும் சொந்தம் கொண்டாடவில்லை, இந்தியாவிலும் பேச ஆள் இல்லை. நூற்றாண்டு நிறைவான 1995-இல் இந்தியா ஒரு தபால்தலை வெளியிட்டது. ஒரு பூஞ்சைக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். வேறு பெரிய சிலைகள் இல்லை. ஏடிபி, ஃபோலிக் அமிலம், மெத்தோட்ரெக்சேட், யானைக்கால் மருந்து, டெட்ராசைக்ளின். இந்த ஐந்தில் ஒன்றாவது எல்லா வீட்டுக்குள்ளும் வந்திருக்கும்.

உங்கள் வீட்டிலும் அந்த மாத்திரை இருந்தால்

இனி, நான் செய்த தவறு உங்கள் வீட்டில் நடக்காமல் இருக்க, டாக்டரும் மருந்தாளரும் எனக்குச் சொல்லிக் கொடுத்தவை.

முடக்குவாதம், சொரியாசிஸ் போன்றவற்றுக்குத் தரும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை வாரத்துக்கு ஒரே நாள். தினமும் அல்ல. எந்த நாள் என்று பாக்கெட்டின் மேல் பெரிய எழுத்தில் தமிழிலேயே எழுதி ஒட்டுங்கள். வயதானவர்களுக்கு ஆங்கிலமும் மலாயும் உள்ள லேபிள் போதாது.

ஃபோலிக் அமிலத்தை அதே டப்பாவில், அதே அலமாரியில் வைக்காதீர்கள். நிறம் பார்த்து எடுக்காதீர்கள், பெயர் பார்த்து எடுங்கள். பெட்டியை நிரப்பும்போது வேறு வேலை செய்யாதீர்கள். முடிந்தால் இன்னொருவரைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

வாய்ப்புண், காய்ச்சல், தொண்டை வலி, தோலில் காரணமில்லாத நீலத் தழும்பு, மூச்சு வாங்குதல். இவற்றில் எது வந்தாலும் அடுத்த அப்பாயிண்ட்மெண்ட் வரை காத்திருக்க வேண்டாம். உடனே மருத்துவமனை. இரத்தப் பரிசோதனைத் தேதிகளைத் தவற விடாதீர்கள்.

வேறு கிளினிக்குக்குப் போனாலும் இந்த மருந்து சாப்பிடுவதை முதலிலேயே சொல்லுங்கள். டிரைமெத்தோப்ரிம் கலந்த சில நுண்ணுயிர்க்கொல்லிகள் இதோடு சேர்ந்தால் ஆபத்து. அவையும் ஃபோலேட்டின் வழியையே அடைப்பவை. குழந்தை பெறத் திட்டமிடுபவர்கள் இந்த மருந்தைச் சாப்பிடக் கூடாது, முன்கூட்டியே டாக்டரிடம் பேச வேண்டும்.

பயந்துபோய் யாரும் மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்திவிடவும் வேண்டாம். சரியாகச் சாப்பிட்டால் கைகொடுக்கும் மருந்து இது.

அத்தை இப்போது நலம். பெட்டியை நிரப்பும் வேலை மீண்டும் அவர் மகளிடம். போன வாரம் வீட்டுக்குப் போனபோது சுப்பாராவின் படத்தைக் கைபேசியில் காட்டி, கதையை முழுதும் சொன்னேன். வாழைப்பழம் விற்க ஓடியதைக் கேட்டுச் சிரித்தார். மனைவியை விட்டுப் போனதைக் கேட்டதும் முகம் மாறியது. படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“பாவம், அந்தப் பொண்ணு பேரு என்ன சொன்ன?”

“சேஷகிரி, அத்தை.”

“அதையும் ரேடியோல சேர்த்துச் சொல்லு” என்றார்.

வருகிற ஜனவரி 12-ஆம் தேதி ‘இன்று அன்று’ அங்கத்தில் இரண்டு பெயர்களையும் வாசிக்கப் போகிறேன்.